மோராக் கோட்டையின் கதவைத் திறந்தவர்

"ஒரே ஒரு வாக்கியம், தாயே. அதை எழுதக் கை வரவில்லை" என்றார் பால்தசார்.

தெயோதரா அவரை உட்காரச் சொன்னார்.

அவர் உட்காரவில்லை. மலைமேல் இருந்த அந்தச் சின்ன மடத்தின் முற்றத்தில் சுவருக்குச் சுவர் நடந்துகொண்டிருந்தார்.

ஐரோப்பாவின் தென்கரையில் வல்தேரா என்றொரு சிறிய நாடு. அதன் அரசருக்கு வரலாற்று ஆசிரியர் பால்தசார். அச்சுக்கூடங்கள் புதிதாக வந்திருந்த காலம் அது. ஒவ்வோர் அரசருக்கும் தன் பெயரில் ஒரு தடித்த புத்தகம் வேண்டியிருந்தது. அதை எழுதித் தருவதற்காகவே பால்தசாருக்கு அரண்மனையில் ஓர் அறையும் ஒரு கறுப்பு வெல்வெட் அங்கியும் கொடுத்திருந்தார்கள்.

மடத்தில் தனியாகத் தவமிருந்த தெயோதரா அவரைவிட மிகவும் இளையவர். ஆனாலும் மனம் ஒரு நிலையில் நிற்காதபோதெல்லாம் பால்தசார் அவரைத் தேடி மலையேறி வந்துவிடுவார்.

"என்ன வாக்கியம்?"

"மோராக் கோட்டைத் தளபதி ரமீரோ எதிரியிடம் பொன் வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டான். இவ்வளவுதான்."

"திறந்தாரா?"

"திறந்தார். பொன் வாங்கவில்லை."

"பிறகு ஏன் திறந்தார்?"

"உள்ளே தானியம் தீர்ந்துவிட்டது. அரசர் அனுப்ப வேண்டிய தானியக் கப்பல்களைத் தங்கையின் கல்யாண விருந்துக்கென்று துறைமுகத்திலேயே நிறுத்திவைத்துவிட்டார். கோட்டைக்குள் குழந்தைகள் சாகத் தொடங்கின. ஜனங்களை உயிரோடு விடுவதாக எதிரி வாக்குக் கொடுத்த பிறகுதான் ரமீரோ கதவைத் திறந்தார். ஜனங்களை விட்டார்கள். அவரை வாசலிலேயே வெட்டிப்போட்டார்கள்."

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தப்பி வந்தவர்களை ஊர் ஊராகத் தேடிப்போய்க் கேட்டேன். எல்லாரும் இதையேதான் சொன்னார்கள்."

"அப்படியானால் இதையே எழுதலாமே."

பால்தசார் நின்றார். "எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் இப்போது ஆற்றங்கரைக் கோபுரத்தில் இருக்கிறார், தாயே. சிறையில்."

மறுபடி நடக்கத் தொடங்கினார்.

"இதற்கு முன்னால் நீங்கள் பொய்யே எழுதியதில்லையா?" என்று கேட்டார் தெயோதரா.

"எழுதாமலா? அரசரின் வம்சத்தை பழங்கதையில் வரும் ட்ராய் நகரத்து வீரர்கள் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவனே நான்தான். அவருடைய தாத்தா தோற்றுப்போன ஒரு சண்டையை, மழையால் நின்றுபோன சண்டையாக மாற்றினேன். அப்போதெல்லாம் நன்றாகத்தான் தூங்கினேன்."

"இப்போது?"

"சோறு இறங்கவில்லை. பேனாவை எடுத்தால் வைக்கிறேன், வைத்தால் எடுக்கிறேன். புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். அந்த ஒரு பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது."

தெயோதரா உள்ளே போய் ஒரு தாளும் மைக்கூடும் இறகுப் பேனாவும் கொண்டுவந்து வைத்தார்.

"எழுதுங்கள்."

"எதை?"

"அரசர் கேட்டதை."

பால்தசார் அவரையே பார்த்தார். இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலவும் இருந்தது. நின்றபடியே எழுதினார். பழகிய கை. ஒரு வாக்கியம் மூன்றானது. பொன்னுக்கு எடை வந்தது, துரோகிக்கு ஒரு சிரிப்பு வந்தது. எழுதி முடித்ததும் தாளை ஊதி உலர்த்தினார்.

தெயோதரா அதைப் பார்க்கவில்லை.

"பின்கட்டில் லியோனோர் என்று ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் போய் இதை வாசித்துக் காட்டுங்கள்."

"யார் அவள்?"

"ரமீரோவின் மனைவி. ஊரில் யாரும் இடம் கொடுக்கவில்லை. கொஞ்ச நாளாக இங்கே இருக்கிறாள்."

பால்தசார் எழுதிய தாளைக் குனிந்து பார்த்தார். "இது எனக்குத் தண்டனையா?"

"இல்லை. வாசிக்கப்போகிறவர்களில் அவளும் ஒருத்தி."

பின்கட்டில் அந்தப் பெண் ஒரு போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தாள். பால்தசார் தான் யாரென்று சொன்னார். அவள் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ராஜாவின் புத்தகமா, ஐயா? அதில் அவர் பேர் வருகிறதா?"

"வருகிறது."

"என் பையன்களை எந்தப் படையிலும் சேர்க்கமாட்டேன் என்கிறார்கள். புத்தகம் வரட்டும், உங்கள் அப்பாவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறதென்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்கிறார்கள். வாசியுங்கள்."

பால்தசார் தாளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

"மோராக் கோட்டைத் தளபதி ரமீரோ..." என்று தொடங்கினார்.

அடுத்த சொல் வரவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி தொடங்கினார். அதே இடத்தில் நின்றது.

மூன்றாவது முறை தாளில் இல்லாத வேறொன்று வந்தது. வராத கப்பல்களைப் பற்றி வாசித்தார். ரமீரோ தன் குதிரைச் சேணத்தின் தோலை வேகவைத்து நோயாளிகளுக்குக் கஞ்சியாகக் கொடுத்ததை வாசித்தார். கதவு திறந்ததும் ஜனங்களுக்கு முன்னால் வாளில்லாமல் நடந்து போனதை வாசித்தார். தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே எல்லாவற்றையும் வாசித்தார்.

லியோனோர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் முடித்ததும் கையை நீட்டினாள். கொடுக்காமலிருக்க அவருக்கு வழி தெரியவில்லை.

அவளுக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது. அந்த மூன்று வரிகளையும் நிதானமாகப் படித்தாள். பிறகு தாளை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்கள் வாசித்தது நன்றாக இருந்தது, ஐயா" என்றாள்.

போர்வையின் மறுமுனையைக் கையில் எடுத்தாள்.

பால்தசார் தெயோதராவிடம் சொல்லிக்கொள்ளாமலே மலையிறங்கினார். வீட்டுக்குப் போய், வெறுமையாகக் கிடந்த பக்கத்தை ஒரே மூச்சில் எழுதி முடித்தார். காலையில் அரண்மனைக்குக் கிளம்பும்போது, கோபுரத்தில் குளிரும் என்று ஒரு கம்பளியையும் எடுத்துக்கொண்டார்.

அரசர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பால்தசார் கம்பளியைக் கையில் பிடித்தபடி எதிரே நின்றார்.

"நான் சொன்ன வாக்கியம் இதில் இல்லையே" என்றார் அரசர்.

"இல்லை, அரசே."

"இத்தனை வருஷம் எழுதிய உமக்கு அதை எழுத முடியவில்லையா?"

"எழுதினேன், அரசே" என்றார் பால்தசார். "வாசிக்கத்தான் முடியவில்லை."