மாத்திரைக்குத் தப்பின கிருமி

ம் கொட்டணும் சரியா? கொட்டலன்னா அத்தை நிப்பாட்டிருவேன்.

ஒரு ஊர்ல ஒரு கிருமி இருந்துச்சாம். ஊருன்னா தெருவும் கோயிலும் இருக்கற ஊரு இல்லடி, பேச்சின்னு ஒரு சின்னப் பொண்ணோட நெஞ்சு. அங்க உக்காந்துக்கிட்டு ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு. பேச்சிக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குது, லொக்கு லொக்குன்னு இருமல்.

"ம்."

அப்புறம் அவ அம்மா சுடலி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினா. டாக்டரம்மா மாத்திரை எழுதிக் குடுத்து, "காய்ச்சல் விட்டாலும் நிறுத்தாத, மொத்தத்தையும் குடு"ன்னாங்க. அந்த மாத்திரை என்ன பண்ணுச்சு? கிருமிங்கள சுவரு கட்டவிடாம தடுத்துச்சு. சுவரு இல்லன்னா தண்ணி உள்ள பூந்துரும்ல? டொப்பு டொப்புன்னு வெடிச்சுச் செத்துதுங்க. காய்ச்சல் விட்டுச்சு. மகராசி சுடலி என்ன செஞ்சா? புள்ளைக்கு மாத்திரை சூடுன்னு மிச்சத்தை அஞ்சறைப் பெட்டியில கடுகு பக்கத்துல போட்டு மூடிட்டா.

அப்போ குத்துயிரா கெடந்த ஒரு கிருமி மெல்ல எந்திரிச்சு ஒரு கத்திரி செஞ்சுக்கிச்சு. மறுபடி காய்ச்சல். சுடலி பெட்டியில இருந்த மாத்திரையைக் குடுத்தா. கிருமி கறுக்கு கறுக்குன்னு அதை நறுக்கிப் போட்டுருச்சு.

"ம்."

அப்புறம் டாக்டரம்மா வேற மாத்திரை குடுத்தாங்க. அது கிருமியோட அடுப்படிக்குள்ள போயி சமையலையே நிறுத்துற மாத்திரை. கிருமிங்க துவண்டு விழுந்துதுங்க. காய்ச்சல் விட்டுச்சு. சுடலி அதையும் நிறுத்திட்டா! எனக்கு வர்ற கோவத்துக்கு அவளை நாலு சாத்து சாத்தணும். தப்பின கிருமி அடுத்த தடவை அந்த மருந்தை மொண்டு மொண்டு வெளிய ஊத்திருச்சு, சளப்பு சளப்புன்னு.

அப்புறம் மூணாவது மருந்து. கிருமி ரெண்டாப் பிரியணும்னா அதுக்குள்ள இருக்கற நூலு சிக்கில்லாம பிரியணும். இந்த மருந்து அந்த நூலைச் சிக்காக்கி அறுத்துரும். அதையும்...

"நிறுத்திட்டாளா அத்தை?"

ஆமாடி. மறுபடி காய்ச்சல் வந்தப்போ, மருந்து வந்து புடிச்சுக்கிற எடத்தையே கிருமி மாத்தி வச்சிருச்சு, மருந்துக்குப் புடி கெடைக்கல.

அப்போ டாக்டரம்மா பேச்சி கையப் புடிச்சுக்கிட்டு, "இனி குடுக்க எங்கிட்ட மருந்து இல்ல சுடலி"ன்னாங்க. சுடலி புள்ளைய மடியில போட்டு, மூஞ்சியோட மூஞ்சி வச்சு அழுதா. பேச்சி ஒரு தரம் இருமினா. அப்புறம் இருமல. பாவம்டி அந்தப் புள்ள, அதுக்கு என்ன தெரியும்.

"கிருமி செத்துருச்சா?"

இல்ல. அந்தக் கடைசி இருமல்லயே சுடலி நெஞ்சுக்குள்ள போயிருச்சு.

கதை அம்புட்டுதான். கண்ண மூடு, தூங்கு.