அலையாத்தி தேடிப்போன நீர்நாய்

ஒரு கழிமுகத்தில் கயலி என்ற நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்து வந்தது. ஒருநாள் பெரும்புயல் அடித்தது. அங்கிருந்த அலையாத்தி மரங்களெல்லாம் வேரோடு சாய்ந்தன. அந்த வேர்களுக்கிடையில்தான் மீன்கள் குஞ்சு பொரிக்கும். மரம் போனது, மீனும் போனது. குட்டிகள் எலும்பும் தோலுமாயின.

"தென்கடலில் நண்டுத்தீவு இருக்கிறதாம். அங்கே அலையாத்தி அடர்ந்து கிடக்கிறதாம். போய் விதைக்காய் கொண்டுவராமல் விடமாட்டேன்!" என்றது கயலி. குட்டிகளைத் தன் தங்கையிடம் ஒப்படைத்தது.

"உனக்குக் கட்டுமரத்தில் பாய் கட்டத் தெரியாதே, அக்கா! நானும் வருகிறேன்" என்று கூடவே கிளம்பியது மந்தன் என்ற குரங்கு.

கட்டுமரத்தில் ஓலைப்பாய் விரித்து இரண்டும் புறப்பட்டன. கோலா மீன்கள் அம்புபோல் தலைக்கு மேல் பறந்தன. ஒன்பதாம் நாள் தீவு தெரிந்தது.

"குதி, அக்கா!" என்றது மந்தன்.

"பொறு! வீட்டுக்காரர்கள் கூப்பிடட்டும்."

பவளப்பாறைக்கு வெளியே ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தன. மாலையில் நண்டுகள் கரைக்கு வந்தன. அவற்றின் தலைவி கொடுக்கை உயர்த்தியது. "யார் நீங்கள்? என்ன வேண்டும்?"

கயலி தன் கதையைச் சொன்னது.

"தருகிறோம். ஆனால் மரத்தில் கைவைக்கக் கூடாது. முற்றிய காய் தானாக விழும். அதுதான் முளைக்கும். பறித்த பிஞ்சு அழுகிப்போகும். பௌர்ணமி வரை பொறுத்திரு" என்றது தலைவி.

மந்தன் முணுமுணுத்தது. "பதினைந்து நாளா? எல்லாம் கொடுக்க மனமில்லாத பேச்சு!"

மறுநாள் உச்சிவெயிலில் நண்டுகள் வளைக்குள் உறங்கின. மந்தன் மரம் மரமாகத் தாவிப் பச்சைக்காய்களைப் பறித்துக் கட்டுமரத்தில் குவித்தது.

"தென்காற்று கிளம்பிவிட்டது! ஏறு, அக்கா!"

"என்ன காரியம் செய்தாய்! நம்பி இடம் கொடுத்தவர்களுக்கு இதுவா கைம்மாறு?"

"உன் குட்டிகள் அங்கே பட்டினி! நீ இங்கே நண்டுகளுக்கு மரியாதை செய்கிறாயா?"

அந்தச் சொல் கயலியின் நெஞ்சைக் குத்தியது. ஆனாலும் அது அசையவில்லை. மந்தன் பாயை விரித்துக்கொண்டு தனியே போய்விட்டது.

விழித்த தலைவி கேட்டது: "நீ ஏன் போகவில்லை?"

"முளைக்கும் விதை இல்லாமல் நான் போகமாட்டேன், தாயே. அவன் செய்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன்."

மந்தன் தாவியதில் முறிந்த கிளைகளைக் கயலி அப்புறப்படுத்தியது. சேற்றில் எவ்வளவு ஆழம் ஊன்ற வேண்டும், எந்த மண் ஆகாது என்றெல்லாம் நண்டுகளிடம் கேட்டுக்கொண்டது. பௌர்ணமி வந்தது. காய்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. நண்டுகளே கரையொதுங்கிய மரக்கட்டைகளைச் சேர்த்து, கொடி பின்னி, ஒரு தெப்பம் கட்டிக் கொடுத்தன. வழிகாட்ட ஓர் ஆமை முன்னே நீந்தியது.

ஊர் வந்து சேர்ந்தது கயலி. நத்தை பொறுக்கிக் கொடுத்துக் குட்டிகளைத் தங்கை காப்பாற்றி வைத்திருந்தது. சேற்று நடுவே மந்தன் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. சுற்றிலும் கறுத்து அழுகிய காய்கள்!

"ஒன்றுகூட முளைக்கவில்லை, அக்கா!"

"அழுதது போதும். குழி தோண்டு!" என்றது கயலி.

இரண்டும் சேர்ந்து முதுகு ஒடிய நட்டன. சில காய்களை அலை கொண்டுபோனது. மற்றவை வேர்விட்டன. மூன்றாம் மழைக்காலத்தில் அந்த வேர்களுக்கிடையே மீன்குஞ்சுகள் மின்னின.

கேளாமல் பறிப்பவனுக்குப் பொருள் மட்டுமே கிடைக்கும். கேட்டுப் பொறுத்திருப்பவனுக்கே அதை வாழவைக்கும் அறிவும் கிடைக்கும்.