ஆண் வாத்தின் கம்மிய குரல்

வாத்தும் மனிதரும் ஒரே பேச்சில் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், வாத்துக் கூட்டத்தில் கத்துவது ஆண்களின் வேலை. அவை விட்டால்தானே பெட்டைகள் வாய் திறக்க!

வாய்க்கால் ஓரத்து வீட்டுக் கொல்லையில் பவளாயி சில பெட்டை வாத்துகளையும் இரண்டு ஆண் வாத்துகளையும் வளர்த்தாள். ஆண்கள் பெயர் கருந்தலையன், வெண்கழுத்தன். இரண்டுக்கும் வெண்கலக் குரல். யார் முன்னால் நடப்பது, யார் முதலில் தண்ணீரில் இறங்குவது என்று பொழுது விடிந்தால் சண்டை.

பவளாயிக்கு அதைவிடப் பெரிய தலைவலி தண்ணீர்த் தொட்டி. ஊற்றிய நாழிகைக்குள் வாத்துகள் அலகை விட்டு அலசி, கொல்லை முழுவதும் சேறாக்கிவிடும். நடவுக்குக் கிளம்பிய ஒரு காலையில் அந்தச் சேற்றில் வழுக்கி விழுந்தாள்.

“ஒரு பொழுதாவது தரை காயட்டும். தண்ணி சாயங்காலந்தான்!”

தொட்டியை வெளியே தூக்கி வைத்தாள். உலர்ந்த தவிட்டைக் கொட்டிவிட்டு, கொல்லை வாசல் படலை இழுத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பசியோடு தின்ற சாம்பலி என்ற பெட்டைக்குத் தவிடு தொண்டையில் அடைத்துக்கொண்டது. கழுத்தை நீட்டி நீட்டித் தவித்தது. கருந்தலையன் பார்த்துவிட்டது.

“பவளாயீ! தண்ணீ!”

வம்புக்கு இழுக்கிறான் என்று சிலிர்த்துக்கொண்டு வந்த வெண்கழுத்தன், சாம்பலியைக் கண்டதும் பக்கத்திலேயே நின்று சேர்ந்து கத்தியது. அவை இரண்டும் ஒரே வார்த்தையைச் சொன்னது அன்றுதான்.

அந்தக் குரல் வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது வார்த்தை கரைந்து வெறும் கூச்சல்தான் மிஞ்சியது.

“ஏன்டி பவளாயி, ஒன் வீட்டு ராசாக்க ஆரம்பிச்சிட்டாங்கடி!” என்று சிரித்தாள், பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த சோலையம்மா.

“அவனுங்களுக்கு வேற என்ன வேலக்கா? கத்தி ஓயட்டும்.”

கொல்லையில் சாம்பலியின் கழுத்து துவண்டது. ஆண்கள் இன்னும் பலமாகக் கத்தின. முதலில் கருந்தலையன் குரல் கிழிந்தது, பிறகு வெண்கழுத்தனுடையது. அதற்கப்புறம் காற்றுதான் வந்தது.

நாற்று பிடித்த பவளாயியின் கை நின்றது.

“சத்தம் நின்னு போச்சே.”

“நிம்மதின்னு நடுவியா!”

“இல்லக்கா. அதுங்க இப்படிப் பாதியில நிறுத்துனதே இல்ல.”

நாற்றுமுடியைப் போட்டுவிட்டு வரப்பில் ஓடினாள். கொல்லைக்கு வந்ததும் சாம்பலியை மடியில் கிடத்தி, கையில் அள்ளிய தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அலகோரம் விட்டு, கழுத்தை மெல்ல நீவினாள். அடைப்பு இறங்கியது. சாம்பலி கண் திறந்து, பிறந்ததிலிருந்து அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துக் கத்தியது. வயலிலிருந்த சோலையம்மாவே திரும்பிப் பார்த்தாள்.

ஆண்களும் சந்தோஷத்தில் வாயைத் திறந்தன. கரகரவென்று ஒரு சத்தம்தான் வந்தது.

“என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டா போச்சு, என் சாமி?” பவளாயிக்குக் கண் கலங்கியது. தொட்டியை இழுத்து வந்து விளிம்பு வரை நிரப்பினாள்.

“போனாப் போவுது,” என்றது கருந்தலையன், காது கொடுத்தால்தான் கேட்கும் குரலில். “இனிமே கூப்பிடறத சாம்பலி பாத்துக்குவா.”

வெண்கழுத்தன் ஒதுங்கி, கருந்தலையனுக்கு முதலில் குடிக்க வழிவிட்டது.

அன்று முதல்தான், வாத்து வளர்க்கிறவர்கள் தண்ணீர் வைத்த பிறகே தீனி வைக்கிறார்கள். வாத்தும் ஒரு வாய் தின்றதும் தண்ணீருக்கு ஓடுகிறது. பெட்டை வாத்து ஊர் கேட்கக் கத்துகிறது. ஆண் வாத்து, தான் எதற்காகக் குரலைச் செலவழித்தோம் என்பதைச் சொல்லிக்காட்டாமல், கம்மிய தொண்டையோடு அதன் பக்கத்திலேயே நடக்கிறது.