பொட்டலில் ஒரு புள்ளி

"மூன்று ஊரிலும் மாடுகளுக்குக் காணை நோய் பரவுகிறது. கையிலிருக்கும் தடுப்பு மருந்து ஓர் ஊருக்குத்தான் காணும். எந்த இரண்டைக் கைவிடட்டும், டீச்சர்?"

கேட்டவர் மாட்டு டாக்டர் அரியமுத்து. மூன்றில் ஒன்று அவர் பிறந்த ஊர். தன்னைவிட இளையவளான திலகவதியிடம் நோய் பரவும் கணக்கைப் படிக்க வந்திருந்தார்.

"ஊரை விடுங்கள், டாக்டர். மாடு போகும் வழிகளைச் சொல்லுங்கள்."

குளம், சந்தை, மேய்ச்சல் காடு என்று சொன்னார். நோய் எங்கே, எப்போது கண்டது என்பதையும் சொன்னார்.

அவள் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினாள். இருக்கிற மருந்தைக்கொண்டு நோயை எங்கெங்கே மறிப்பது என்று அது தேடியது. கடைசியில் திரையிலிருந்த வரைபடத்தில் மூன்று ஊருக்கும் நடுவே ஒரு புள்ளி வைத்தது.

அரியமுத்து சிரித்துவிட்டார்.

"அது வெறும் பொட்டல். அங்கே ஏது மாடு? உங்கள் பெட்டிக்குப் பித்துப் பிடித்துவிட்டது."

"இருக்கலாம். ஆனால் மூன்று ஊருக்கும் போய்வருகிற ஒரு மாடு இல்லாமல் கணக்கு நேராகவில்லை."

"வீடு வீடாக நானே எண்ணினேன். ஒன்றுகூட விடவில்லை."

"அதைக் கட்டிப்போட்டால், இந்த மருந்தே மூன்று ஊரையும் காப்பாற்றும்."

"இல்லாத மாட்டை எப்படிக் கட்டுவது?"

அவள் அவருடைய பையிலிருந்த கயிற்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

மறுநாள் காலையில் பொட்டலுக்குப் போனார். திரும்பி வந்து அவளைக் கேலி செய்யலாம் என்றுதான் போனார்.

கள்ளிப் புதர்களுக்கு அப்பால் மணிச் சத்தம் கேட்டது.

கோயில் காளை.

சாமிக்கு நேர்ந்து விட்ட மாடு. மூக்கணாங்கயிறு அறியாதது. மூன்று ஊரிலும் வாசல் வாசலாக நிற்கும். அந்தந்த வீட்டு மாட்டின் தொட்டியிலேயே கழுநீர் குடிக்கும். அவர் வீட்டுத் தொட்டியிலும் குடித்தது. அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் அவர் மாடு எண்ணக் கிளம்பியிருந்தார்.

சாமியை யார் எண்ணுவார்கள்?

குனிந்து பார்த்தார். குளம்பிடுக்கில் ஆறிவரும் காணைப் புண்.

இந்த மணியை ஒருநாளும் கேட்டிராதவள், அறைக்குள் உட்கார்ந்தபடியே, இது வந்து நிற்கும் இடத்தைக் காட்டியிருக்கிறாள்.

போனை எடுத்தார்.

"மாடு இருக்கிறது, டீச்சர்."

"கட்டிவிட்டீர்களா?"

"இது சாமி, டீச்சர்."



"கும்பிட்டுவிட்டுக் கட்டுங்கள்."

அரியமுத்து செருப்பைக் கழற்றினார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். காளை தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது.

கயிற்றைப் பிரித்தார்.