நில்லுவும் சொல்லுவும் முகமிழந்த கதை

அந்தக் காலத்தில் இயந்திரங்களுக்கும் எழுத்துகளுக்கும் வாய் இருந்தது. வாய் இருந்தால் சும்மா இருக்குமா? ஓயாத சண்டைதான்.

பட்டணத்து வானிலை அலுவலகத்தில் ஒரு கணினி இருந்தாள். கடலோரத் துறைமுக அறையில் இருந்த அச்சுப்பொறி அவளுடைய தம்பி. அதனால் எல்லோருக்கும் அவள் அக்கா. இருவருக்கும் நடுவே நீளமாக ஒரு கம்பி. அக்கா காற்று, மழை, அலை என்று செய்தி சொல்ல, எழுத்துகள் கம்பி வழியே ஓடிவந்து தம்பியின் தாளில் உட்காரும். அதைத் துறைமுக அறையில் வேலை பார்க்கும் மெர்சலின் ஒலிபெருக்கியில் படிப்பாள். கேட்டுவிட்டுத்தான் படகுகள் கடலுக்குப் போகும். அவள் புருஷன் கிளமெண்டின் படகும் அதில் ஒன்று.

அக்கா மூச்சு விடாமல் பேசுவாள். தம்பியோ ஒவ்வோர் எழுத்தாகத் தட்டித் தட்டி அடிப்பவன். அடிபடக் காத்திருக்கும் எழுத்துகளால் அவன் மடி நிரம்பி, மிச்சம் கீழே கொட்டிவிடும். புயல் வருகிறது என்பது தாளில் இருக்கும். எப்போது என்பது தரையில் கிடக்கும்.

"அக்கா, கொஞ்சம் மெதுவாத்தான் பேசேன்!"

"நீ கொஞ்சம் வேகமாத்தான் அடியேன்டா!"

"உங்க ரெண்டு பேரோட மாரடிக்க என்னால முடியாது" என்று மெர்சலின் எழுத்துகளுக்குள் இரட்டைப் பெண்கள் இருவரைப் பிடித்துத் தம்பியிடம் வேலைக்கு விட்டாள். ஒருத்தி நில்லு, இன்னொருத்தி சொல்லு. மடி நிரம்பினால் நில்லு ஓடிப்போய் அக்காவின் வாயை மூடுவாள். மடி காலியானதும் சொல்லு ஓடிப்போய்த் திறப்பாள்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் தம்பிக்குக் கொழுப்பு. தும்மினால் நில்லு, தாள் சுருண்டால் நில்லு, சும்மா அலுத்துக்கொள்ளவும் நில்லு. பாதி நேரம் சொல்லுவை அனுப்ப மறந்துவிடுவான். அக்கா தானாகப் பேச ஆரம்பித்தால், "உன்னை யாரு பேசச் சொன்னா?" என்று எகிறுவான். ஒரு நாள் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"அப்படியாடா? இனிமே நில்லு வந்தா வாயை மூடிக்குவேன். சொல்லு வந்தாத்தான் திறப்பேன். வேற எவன் வந்து கத்தினாலும் சரி, வானமே இடிஞ்சு விழுந்தாலும் சரி, ஒரு எழுத்து வராது. சத்தியம்!"

இப்படி ஒரு சத்தியம் யார் கேட்டார்கள்? கோபத்தில் யோசித்தா செய்கிறோம்?

அடுத்த வாரமே வினை வந்தது. மத்தியான நேரம், படகுகள் கிளம்பத் தயாராக நிற்கின்றன. "இன்று" என்று செய்தி தொடங்கியதுமே தாள் சிக்கிக்கொண்டது. தம்பி நில்லுவை விரட்டினான். மெர்சலின் தாளை இழுத்துச் சரிசெய்தாள். "சொல்லு, ஓடு!" என்றான் தம்பி.

சொல்லு ஓடவில்லை. அவளுக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை. "எல்லா எழுத்தும் தாள்ல ஜம்முனு உட்காருது. நானும் எழுத்துதானே? ஓடி ஓடிக் கால் தேயுது, என் மூஞ்சியை ஒருத்தர் பார்த்ததில்லை" என்று முனகியபடி ஒரே குதியாகத் தாளில் குதித்தாள். மை பிடித்துக்கொண்டது. எழுந்திருக்க முடியவில்லை.

அக்கா ஊமையாகிவிட்டாள். தம்பி கெஞ்சினான். மெர்சலின் மேசையை அடித்தாள், கம்பியை உலுக்கினாள். "அடியே, பேசித் தொலையேன்! எம் புருஷன் படகுல ஏறிட்டாருடி!" வெளியே, செய்திக்குக் காத்துக் காத்து அலுத்துப்போன படகுகளின் எஞ்சின் சத்தம் கிளம்பியது. அக்காவுக்கு முழுச் செய்தியும் தெரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. இப்படியும் ஒரு பிடிவாதம் உண்டா, சொல்லுங்கள்!

மெர்சலின் குனிந்து தாளைப் பார்த்தாள். "இன்று" என்பதற்குப் பக்கத்தில் புதுமுகம் ஒன்று பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பிளேடால் சுரண்டினாள்.

"ஐயோ, என் மூஞ்சி!"

"உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு நான் தாலியறுக்கவா? ஓடுடி!"

முகம் தூள்தூளாக உதிர்ந்தது. முகமில்லாத சொல்லு அழுதுகொண்டே கம்பியில் ஓடினாள்.

அக்கா வாய் திறந்தாள். பொழுது சாயுமுன் புயல், யாரும் கடலுக்குப் போக வேண்டாம். மெர்சலின் தொண்டை கிழியப் படித்தாள். துறைமுக வாயைத் தாண்டப்போன கிளமெண்ட் திரும்பி வந்து, "வெயில் கொளுத்துது, இதுக்கா கூப்பிட்ட?" என்று எரிந்து விழுந்தான். அவன் கயிற்றைக் கட்டி முடிப்பதற்குள் காற்று கொட்டகைக் கூரையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அவன் இன்னொரு முடிச்சும் சேர்த்துப் போட்டான்.

"கூடப் பிறந்தவளுக்கு இல்லாத மூஞ்சி எனக்கு எதுக்கு?" என்று நில்லுவும் தன் முகத்தைத் தானே சுரண்டிப் போட்டாள். அக்கா மட்டும் தன் சத்தியத்தைத் திரும்ப வாங்கவே இல்லை. எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தாகிவிட்டது.

அன்று முதல்தான் அந்த இரட்டைப் பெண்கள் எந்தத் தாளிலும், எந்தத் திரையிலும் தெரிவதில்லை. கணினியில் டெர்மினல் என்னும் கறுப்புத் திரையில் கட்டளை அடித்துக்கொண்டிருக்கும்போது, கை தவறிக் கன்ட்ரோல் விசையோடு எஸ்ஸைத் தட்டிவிடுகிறோம். கிளம்பிப் போகிறவள் நில்லு. திரை அப்படியே நின்றுவிடுகிறது. நாமும் மெர்சலினைப் போல மேசையை அடிக்கிறோம், வாய்க்கு வந்தபடி திட்டுகிறோம். கன்ட்ரோலோடு கியூவைத் தட்டினால் போதும், சொல்லு ஓடுவாள். அவள் போய்ச் சேரும்வரை, கடலில் யார் இருந்தாலும் அக்கா வாய் திறக்க மாட்டாள்.