பூனை வைத்த எரு

பூனைக்கும் மனிதருக்கும் பேச்சுவார்த்தை இருந்த அந்தக் காலத்தில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில் உடையாச்சி என்று ஒருத்தி இருந்தாள். ஒண்டிக்கட்டை. வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டு, காய் விற்றுக் கஞ்சி குடித்தாள். அவளோடு ஒரு சாம்பல் பூனையும் அதன் ஒரே குட்டியும் இருந்தன. அப்போதெல்லாம் பூனையும் நாயைப் போலத்தான். தோன்றின இடத்தில் வெளிக்கு இருந்துவிட்டுப் போகும். மூடவும் செய்யாது, திரும்பிப் பார்க்கவும் செய்யாது.

ஒரு காலையில் உடையாச்சி கத்தரி விதை போட்டுக்கொண்டிருந்தாள். மண்ணைப் பொலபொலவென்று கொத்தி, ஆட்டெரு தூவி, விதையை விட்டு, மேல்மண்ணை உள்ளங்கையால் மெல்ல இழுத்து மூடினாள். பூனை வரப்பில் உட்கார்ந்து பார்த்தது. குட்டி தாயின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"எக்கா, இது செத்துப்போனதா? அசையவே மாட்டேங்கு" என்றது பூனை.

"காஞ்ச விதைட்டி. செத்த மாதிரிதான் கிடக்கும்."

"பிறகு எதுக்கு மூடுதே?"

"எட்டாம் நாள் பாரு. தலையைத் தூக்கிட்டு வெளிய வந்துரும்."

"எல்லாமா?"

உடையாச்சிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. இன்னும் ஒரு பாத்தி மிச்சம் கிடந்தது. "எல்லாந்தான். எருவைப் போட்டு, வெயில் படாம மூடி வச்சா எதுதான் வராது? தள்ளி உக்காரு, நிழல் விழுது."

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. குட்டிக்குச் சளி கட்டியது. மூன்று நாள் பால் குடிக்கவில்லை. நாலாம் நாள் உடையாச்சி பக்கத்து ஊருக்கு ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது குட்டியைக் காணோம்.

"குட்டி எங்கட்டி?"

"கிடக்கு எக்கா. நல்லாக் கிடக்கு" என்றது பூனை. அவளும் அதற்குமேல் கேட்கவில்லை.

கத்தரி சொன்ன நாளில் முளைத்தது. ஆனால் பாத்தியின் ஒரு மூலையில் மட்டும் நாற்று இல்லை, நாற்றம்தான் இருந்தது. மண்ணைக் கிளறினால் பூனைப் பீ. அள்ளி எறிந்தாள். மறுநாளும் இருந்தது. அதற்கு மறுநாளும்.

வேலிக்கு அந்தப் பக்கம் மாடத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏ மைனி, உன் கத்தரிக்காக் குழம்புக்குப் பெருங்காயமே போட வேண்டாம் போலிருக்கே!"

உடையாச்சிக்கு மானம் போயிற்று. இப்படியே போனால் யார் காய் வாங்குவார்கள்? கருவேல முள்ளை வெட்டி வந்து மூலையைச் சுற்றிப் பரப்பினாள். முள்ளுக்குள் நாரத்தங்காய்த் தோலைப் பிய்த்துப் போட்டாள். அந்த வாடை பூனைக்கு ஆகாது.

பூனை வந்தது. தோலை மோந்து கண்ணில் நீர் வடிய, முள்ளுக்குள் இறங்கியது. பாதத்தில் ரத்தம். அப்படியும் தோண்டி உட்கார்ந்தது.

உடையாச்சி விளக்குமாற்றை ஓங்கினாள். "ஊர்ல உனக்கு வேற மண்ணே கிடைக்கலியாட்டி?"

"அடிக்கதுன்னா அடி எக்கா. மூடிட்டு வந்துருதேன். வெயில் பட்டுரும்." பூனை காலால் மண்ணை இழுத்து இழுத்து மூடியது. அவள் விதை மூடுவதைப் போலவே மூடியது. பிறகு சொன்னது: "குட்டி இங்கதான கிடக்கு."

"எந்தக் குட்டி?"

"நீ சடங்குக்குப் போன அன்னிக்கு அது அசையாமப் போச்சு. செத்த மாதிரிதான் கிடக்கும், எல்லாம் வந்துரும்னு நீதான சொன்னே. அதான் விதைச்சேன். எருவுக்கு நான் எங்க போவேன், ஆடா வச்சிருக்கேன்? எங்கிட்ட உள்ளதைப் போடுதேன்."

விளக்குமாறு கையிலிருந்து நழுவியது.

"எட்டு நாள்னே. பதினொண்ணு ஆயிட்டு. எரு பத்தலையோ எக்கா?"

உண்மை அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பூனையின் முகத்தைப் பார்த்ததும் திரும்பி உள்ளே போய்விட்டது.

"சிலது பிந்தும்ட்டி" என்றாள்.

முள்ளை அவளே எடுத்துப் போட்டாள். பூனை தினமும் வந்தது. எரு வைத்தது, மூடியது, மண்ணில் மூக்கை வைத்துப் பார்த்தது. எலி குறுக்கே ஓடினாலும் பார்க்கவில்லை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

நாற்று வளர்ந்ததும் உடையாச்சி பிடுங்கி அடுத்த பாத்தியில் நட்டாள்.

"முளைச்சதை ஏன் பிடுங்குதே?"

"இங்கயே விட்டா நெருக்கிக்கிட்டுக் கிடக்கும். வேற இடத்துல நட்டாத்தான் பெருசாவும்."

பூனை காதை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டது.

இந்தப் பூனையும் குட்டியோடேயே போய்ச் சேர்ந்துவிடும் என்று உடையாச்சிக்குப் பயம் வந்தது. ஒரு பகலில் பூனை தொட்டிக்குத் தண்ணீர் குடிக்கப் போன நேரம், அந்த மூலையைத் தோண்டினாள். கிடைத்ததைப் பழஞ்சேலைத் துண்டில் சுற்றினாள். ஆற்றில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. அதில் விட்டாள். வந்து பாத்தியைச் சமப்படுத்தினாள். 'முளைச்சு எந்திரிச்சு ஓடிட்டுட்டி, நீயும் போய்ப் பொழைச்சுக்கோ' என்று சொல்லத் தயாராய் நின்றாள்.

பூனை வந்து மோந்தது. தோண்டியது. இல்லை. நேராக உடையாச்சியிடம் வந்து அவள் கையை மோந்தது. விரலிடுக்கில் குட்டியின் வாடை இருந்தது.

பூனையின் முகம் மலர்ந்தது. அவ்வளவு நாளில் அப்படி ஒரு மலர்ச்சியை அவள் பார்த்ததில்லை.

"பிடுங்கிட்டியா? அப்போ முளைச்சுட்டா எக்கா! எங்க நட்டே?"

அவள் ஆற்றைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"எக்கா, எங்க நட்டே?"

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பூனை மூன்றாம் தடவை கேட்கவில்லை. மனிதரிடம் அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான். கத்தரிப் பாத்தியை மோந்தது, வெண்டைப் பாத்தியை மோந்தது. வேலியைத் தாண்டி மாடத்தியின் பாத்தியில் இறங்கியது. "ஏ சனியனே!" என்று மாடத்தி கல்லை எடுத்தாள். அது அடுத்த வேலியையும் தாண்டிப் போயிற்று.

அதற்குப் பிறகு உடையாச்சி உயிரோடு இருந்தவரை தன் பாத்தியில் முள் வைக்கவில்லை. மற்றவர்கள் வைத்தார்கள், இன்றைக்கும் வைக்கிறார்கள். எங்கே நட்டோம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் புதிதாய்க் கொத்திய மண் எங்கே தென்பட்டாலும் பூனை இறங்கி மோந்து பார்த்து, தோண்டி, தன்னிடம் உள்ளதை எருவாக வைத்து, வெயில் படாமல் மூடி, போவதற்கு முன் இன்னொரு தடவை மண்ணில் மூக்கை வைத்துப் பார்க்கிறது.