தலைமணியைக் கைமாற்றிய கொற்றி

உங்களில் நாலு பேருக்குத் தலைவராக இருப்பவர் எவரேனும் இருந்தால் முன்னால் வந்து உட்காருங்கள். கூச்சப்பட வேண்டாம். கூச்சப்பட்டுக்கொண்டு பின்னால் பதுங்குகிறவர்களுக்காகத்தான் இன்றைய கதை.

ஒரு மரக்கால் உப்புக்கு ஒரு மரக்கால் நெல்லை அளந்து கொடுத்த காலம் அது. கடற்கரையில் விளைந்த உப்பை மாட்டு வண்டிகளில் ஏற்றி, மலையடிவாரத்து ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்கிற கூட்டம் ஒன்று இருந்தது. உமணர் என்று பெயர். ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக வண்டியோடே போவார்கள். வண்டி நிழலில் சமைப்பார்கள், வண்டிக்கு அடியில் தூங்குவார்கள்.

கோடை முடிவதற்குள் உப்பு மலையூர் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் மழைக்காலம் முழுவதும் பானையில் சோறு இருக்கும். சேராவிட்டால் பட்டினிதான்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தலைவரின் வண்டிதான் முதலில் போகும். அந்த வண்டி மாட்டின் கழுத்தில் பெரிய வெண்கல மணி தொங்கும். அதற்குத் தலைமணி என்று பெயர். கோடைப் புழுதியில் முன்வண்டி கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மணிச் சத்தம் போகிற பக்கம் மற்ற மாடுகள் போகும். மணி பள்ளத்தில் இறங்கினால் எல்லா வண்டியும் பள்ளத்தில் இறங்கும்.

பழைய தலைவர் ஆதன் நல்ல உயரம். பெரிய மீசை. அவர் கனைத்தால் அடுத்த ஊர் நாய் குரைக்கும். அவருக்கு முழங்கால் முடங்கிப்போய், இனி வழிநடக்க ஆகாது என்று ஆனதும் வண்டிக்காரர்கள் கூடினார்கள். யாரைத் தலைவராக்க விரும்புகிறார்களோ அவர் காலடியில் தங்கள் மாடோட்டும் தார்க்கோலை வைப்பது அவர்கள் முறை. கோல்களெல்லாம் கொற்றி என்பவளின் காலடியில் வந்து சேர்ந்தன. பிட்டன் என்பவனுடைய கோல் மட்டும் பிட்டனின் காலடியிலேயே கிடந்தது.

கொற்றி சிறு வயதிலிருந்து ஆதன் வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தவள். எந்த ஊற்று எந்த மாதத்தில் வற்றும், எந்தச் சரிவில் சக்கரம் வழுக்கும் என்று அவளுக்குத் தெரியும். வழி இரண்டாகப் பிரிகிற இடத்திலெல்லாம் ஆதன் மீசையைத் தடவுகிற சாக்கில் ஓரக்கண்ணால் அவள் முகத்தைத்தான் பார்ப்பார். அவள் கண் போகிற பக்கம் அவர் வண்டி போகும். இது வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். கொற்றி ஒருத்திக்குத்தான் தெரியாது.

அவள் என்ன நினைத்தாள் தெரியுமா? ஆள் மாறிப்போய்விட்டது என்று நினைத்தாள். “ஆதன் மாமாவோட குரல் எனக்கு இல்லையே. அந்த மீசை இல்லையே. என்னைக்காவது ஒருநாள் இவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எல்லாரும் கண்டுபிடிச்சிருவாங்க” என்று வண்டிக்குள் உட்கார்ந்து புலம்பினாள்.

மீசை இல்லையாம். அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

புலம்பி முடித்து ஒரு காரியம் செய்தாள். தலைமணியைக் கழற்றினாள். “இந்த ஒரு தடவை வேற யாராவது முன்னால போங்க. நான் பின்னால வந்து கத்துக்கிறேன்” என்றாள். கூட்டம் மெச்சிப்போயிற்று. தலைவியான பிறகும் என்ன அடக்கம், என்ன பணிவு என்று ஆளுக்கு ஆள் புகழ்ந்தார்கள். கூட்டத்தின் புத்தி அப்படி. ஒளிந்துகொள்கிறவரைப் பணிவானவர் என்று சொல்லும். ஒளிந்துகொண்டவருக்கும் அதைக் கேட்கச் சுகமாகத்தான் இருக்கும்.

மணி முதலில் பிட்டன் கைக்குப் போனது.

பிட்டனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவனுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. சந்தேகம் என்ற ஒன்று அவனை வாழ்நாளில் எட்டிப்பார்த்ததில்லை. எட்டிப்பார்க்க உள்ளே இடம் வேண்டுமே! மணியை வாங்கி மாட்டிக்கொண்டு, “தங்கச்சி, நீ நிம்மதியா பின்னால வா. வழியெல்லாம் எனக்கு மனப்பாடம்” என்றான்.

வழி இரண்டாகப் பிரிந்தது. பிட்டன் வலப்பக்கம் திருப்பினான். அந்த வழியில் இருக்கிற ஊற்று பங்குனியோடு வற்றிவிடும். கொற்றிக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. ‘நான் சொல்லி, அது தப்பாயிட்டா?’ என்று நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

ஊற்று வற்றித்தான் கிடந்தது. மாடுகள் நாக்கைத் தள்ளின. குழந்தைகள் தண்ணீர் கேட்டு அழுதன. வந்த வழியே எல்லோரும் திரும்பினார்கள். “ஊற்று போன வருஷம் இங்கதான் இருந்துச்சு” என்றான் பிட்டன், யாரோ அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்ட மாதிரி.

இரண்டாவதாக மணி கீரன் கைக்குப் போனது.

கீரன் பல்லி சொல்லும் பலன் பார்க்கிறவர். நல்ல மனிதர்தான். ஆனால் பல்லி உத்தரவு தராமல் பல்கூட விளக்க மாட்டார். ஒரு புளியந்தோப்பில் மாட்டை அவிழ்த்துவிட்டு, “தென்கிழக்கில பல்லி கத்திருக்கு அம்மா. இப்போ புறப்பட வேண்டாம். அது மறுபடி கத்தட்டும்” என்று உட்கார்ந்துவிட்டார்.

மேற்கே மேகம் கருத்துக்கொண்டு வந்தது. புளியந்தோப்பு தாழ்வான இடம், மேட்டிலுள்ள பாறைக் குகைக்கு வண்டியை ஏற்றிவிட்டால் உப்பு நனையாது. கொற்றிக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. ‘பெரியவர் இருக்கும்போது நான் யாரு?’ என்று நினைத்து வாயை மூடிக்கொண்டாள்.

கோடை மழை கொட்டித் தீர்த்தது. உப்பின் மேல் மூடிய ஓலைப் பாய் எம்மாத்திரம்! கடைசியில் நின்ற வண்டிகளிலிருந்து உப்பு கரைந்து, வெள்ளையாகச் சேற்றில் வழிந்து ஓடியது. உப்புக்கு உடையவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறென்ன செய்ய முடியும்? மழை விட்ட பிறகு பல்லி கத்தியது.

மூன்றாவதாக மணி எல்லோர் கைக்கும் போனது. அதாவது, எவர் கைக்கும் போகவில்லை.

செங்குத்தான ஒரு சரிவு வந்தது. கொற்றி வண்டியை நிறுத்திவிட்டு, “எல்லாரும் கூடிப் பேசுங்க. எல்லாரும் சொல்றபடி செய்வோம்” என்றாள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஒருவர் கயிறு கட்டிப் பிடிக்கலாம் என்றார். ஒருவர் உப்பை இறக்கிவிடலாம் என்றார். பிட்டன் வேகமாக ஓட்டிவிட்டால் சரிவு தெரியாது என்றான். வண்டிக்குப் பின்னால் பெரிய மரக்கட்டையைக் கட்டி இழுத்தபடி இறக்கினால் வண்டி ஓடாது. கொற்றிக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை.

பேச்சு வளர்ந்தது. விளிம்பில் நின்ற சாத்தியின் வண்டி மெல்ல நகர்ந்தது.

சாத்தி கணவனை இழந்தவள். இரண்டு குழந்தைகள், ஒரு வண்டி, ஒரு சோடி மாடு. அவ்வளவுதான் அவளுக்கு உலகத்தில் இருந்தது. குழந்தைகள் கீழே இறங்கி நின்றதால் பிழைத்தார்கள். வண்டி உருண்டு போய்ப் பாறையில் மோதியது. ஒரு மாடு பிழைத்தது. ஒரு மாடு கால் முறிந்து, கழுத்து மடங்கி, கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் செத்தது.

கொற்றி ஓடிவந்து அழுதாள். “எனக்கு அப்பவே தெரியும் சாத்தி. கட்டையைக் கட்டணும்னு தெரியும். ஆனா நான் சொன்னா யாரு கேப்பாங்கன்னு...”

சாத்தி எழுந்து நின்றாள். அழவில்லை. “தெரியுமா அக்கா? தெரிஞ்சுமா சொல்லாம இருந்தீங்க?” என்று கேட்டாள். “தெரியாதவ சும்மா நின்னிருந்தா நான் மன்னிச்சிருப்பேன். உங்க பேரு கெட்டுடக்கூடாதுன்னு என் மாட்டைச் சாகவிட்டீங்க. இதுக்குப் பேரு பணிவா? பெரிய பணிவுதான், போங்க!”

கொற்றிக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. செத்த மாட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வழிநெடுக அவள் யாரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள்? மாட்டைப் பற்றியா, உப்பைப் பற்றியா, குழந்தைகளைப் பற்றியா? தன்னைப் பற்றித்தான். என்னை என்ன சொல்வார்கள், என்னைக் கண்டுபிடித்துவிடுவார்களோ, நான் யார், நான் எம்மாத்திரம். நான், நான், நான்! பிட்டனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான். அவன் சத்தமாக நினைத்தான், இவள் ரகசியமாக நினைத்தாள். அதுதான் இருவருக்கும் வித்தியாசம்.

அவள் எழுந்து, கவிழ்ந்து கிடந்த சாத்தியின் வண்டியை நிமிர்த்தச் சொல்லி, தன் மாற்றுமாட்டை அவிழ்த்துக் கொண்டுவந்து அதில் பூட்டினாள். பெரிய கட்டையை வெட்டிக் கட்டி, வண்டிகளை ஒவ்வொன்றாகச் சரிவில் இறக்கினாள். ஒரு வண்டியும் ஓடவில்லை.

அடுத்த நாள் பிற்பகலில் ஆற்றுக்கு வந்தார்கள். அகலமான ஆறு, சொட்டுத் தண்ணீர் இல்லை, வெறும் மணல். அக்கரையிலிருந்து மலையூர் அரை நாள் வழிதான். இந்த ஆற்று மணலில் ஓர் இரவு தங்கிப் போவது உமணர்களின் நெடுநாள் வழக்கம். மாடு படுக்க மெத்தென்ற மணல், தோண்டினால் தண்ணீர். யார்தான் வேண்டாம் என்பார்கள்? இதற்குள் பிட்டன் மணியைத் தானாகவே எடுத்து மாட்டிக்கொண்டு ஆற்றின் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டான். அடுப்புக்குக் கல்லும் தேடத் தொடங்கிவிட்டான்.

கொற்றி குனிந்து மணலைத் தோண்டினாள். எப்போதும் முழங்கை ஆழத்தில்தான் தண்ணீர் வரும். இன்று மணிக்கட்டு ஆழத்திலேயே கை நனைந்தது. தண்ணீர் கலங்கலாக, சில்லென்று இருந்தது. அவள் நிமிர்ந்து மேற்கே மலையைப் பார்த்தாள். மலை தெரியவில்லை, கருமைதான் தெரிந்தது.

வெள்ளம் வரப்போகிறது. கொற்றிக்குத் தெரியும். இந்த முறை சொன்னாள்.

“யாரும் மாட்டை அவிழ்க்காதீங்க! வெள்ளம் வரப்போகுது! இப்பவே அக்கரைக்குப் போகணும்!”

குரல் கீச்சென்றுதான் வந்தது. ஆதனின் குரல் ஒன்றும் திடீரென்று அவளுக்கு வந்துவிடவில்லை. பயமும் போகவில்லை. வெள்ளம் வராவிட்டால், களைத்த மாடுகளை வீணாக விரட்டியவள் என்று காலம் முழுக்கச் சிரிப்பார்களே என்று நினைத்தாள். அந்த நினைப்போடே பிட்டனின் மாட்டிடம் நடந்து போனாள். தலைமணியைக் கழற்றினாள்.

“தங்கச்சி, மழையே இல்லாம வெள்ளமா?” என்று பிட்டன் சிரித்தான். “எங்க தாத்தா காலத்திலேருந்து இங்கதான் படுக்கிறோம்.”

“நீங்க படுக்கணும்னா படுங்க அண்ணே. மணி படுக்காது.”

தன் மாட்டின் கழுத்தில் மணியைக் கட்டிக்கொண்டு முன்னால் போனாள். மணி கேட்டதும் மற்ற மாடுகள் தாமாகவே நகர்ந்தன. மணலில் சக்கரம் புதைந்தது. கொற்றி ஒரு வண்டிக்கு இரண்டு சோடி மாடு பூட்டச் சொன்னாள். பாதி வண்டியை அக்கரை சேர்த்துவிட்டு, அதே மாடுகளைத் திருப்பிக் கொண்டுவந்து மீதி வண்டியை இழுத்தாள். கீரன், “பல்லி இன்னும்...” என்று தொடங்கினார். “பல்லி அக்கரையில வந்து சொல்லட்டும் ஐயா, சக்கரத்தைத் தள்ளுங்க” என்றாள். அவர் தள்ளினார். நன்றாகத்தான் தள்ளினார்.

கடைசி வண்டி சாத்தியினுடையது. அது கரையேறிய கொஞ்ச நேரத்தில் மேலாற்றிலிருந்து பேரிரைச்சல் கேட்டது. மரமும் முள்ளும் செத்த ஆடுமாகச் செம்மண் வெள்ளம் ஆள் உயரத்துக்கு உருண்டு வந்தது. மணலிலேயே உட்கார்ந்திருந்த பிட்டன் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு ஓடிவர மட்டும்தான் நேரம் இருந்தது. அவன் வண்டி, அவன் உப்பு, அவன் கூட்டிய அடுப்பு எல்லாம் போயிற்று. சொட்டச் சொட்டக் கரையேறியவன் மூச்சு வாங்கிக்கொண்டே, “ஆறு இன்னைக்கு ஒரு மாதிரி இருக்குன்னு எனக்கு அப்பவே தோணுச்சு” என்றான். நம்புங்கள், அப்படித்தான் சொன்னான்.

குழந்தைகளை எண்ணிப் பார்த்தார்கள். எல்லோரும் இருந்தார்கள். மிச்ச உப்பும் இருந்தது. பெண்கள் கொற்றியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி காலில் விழப் போனாள். கொற்றி அவளைத் தடுத்தாள். “ஐயோ, நான் என்ன செஞ்சேன்? ஏதோ நல்ல நேரம், தற்செயலா...” என்று தொடங்கினாள்.

“அக்கா” என்றாள் சாத்தி. இரண்டு குழந்தைகளையும் இடுப்பிலும் கையிலும் பிடித்துக்கொண்டு நின்றாள். “இன்னொரு தடவை அப்படிச் சொன்னீங்க, உங்களை இந்த ஆத்துல நானே தள்ளிவிடுவேன்.”

 கொற்றி மாடுகளின் பக்கம் திரும்பி, எவை களைத்திருக்கின்றன, எந்தச் சக்கரம் ஆடுகிறது என்று பார்க்கப் போனாள். பார்த்துவிட்டு வந்து, எந்த வண்டி எதற்குப் பின்னால் வர வேண்டும் என்று சொன்னாள். எல்லோரும் அப்படியே நிறுத்தினார்கள். பிட்டன் கடைசி வண்டிக்குப் பின்னால் நடந்தான்.

முன்னால் வந்து உட்கார்ந்தவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள்: வழி தெரிந்தவர் தன்னையே சந்தேகித்து ஒதுங்கினால் வழி தெரியாதவர் முன்னால் போவார், அந்தத் தவற்றுக்கான தண்டனையைப் பின்னால் வருகிறவர்கள்தான் அனுபவிப்பார்கள்.